படம் பளிச்சென்று வந்தது, விடை சரியா? ஜி.ஐ.எஸ். பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புவியியல் தகவல் அமைப்பு, சுருக்கமாக ஜி.ஐ.எஸ்., இடத்தோடு ஒட்டிய தகவல்களை அடுக்கடுக்காக வைத்துக் கேள்வி கேட்க உதவும் கருவி. 1960களில் கனடா தன் நிலவளத்தைக் கணக்கெடுத்தபோது ரோஜர் டாம்லின்சன் முன்னின்று உருவாக்கிய அமைப்புதான் இதற்கு முன்னோடி. மண்வகை ஓர் அடுக்கு, காடு ஓர் அடுக்கு, விளைநிலம் ஓர் அடுக்கு என்று ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், எந்த நிலம் எதற்கு ஏற்றது என்பது புலப்படும். வெள்ள அபாயப் பகுதிகளைக் குறிப்பது, ஆம்புலன்சுக்கு வழி காட்டுவது, நிலத்தடிக் குழாய்களைப் பராமரிப்பது, காட்டுத்தீயைக் கண்காணிப்பது எல்லாம் இன்று இந்த அடிப்படையில்தான் நடக்கின்றன.

க்யூஜிஐஎஸ் போன்ற இலவச மென்பொருள்கள் வந்தபிறகு, புதிதாகப் பழகுபவர்கூட ஒரே நாளில் வரைபடம் போட்டுவிட முடிகிறது. ஆனால் ஜி.ஐ.எஸ்.ஸில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை சத்தமே போடுவதில்லை. பிழைச்செய்தி எதுவும் வராது, படமும் நன்றாகவே இருக்கும், விடை மட்டும் தப்பாக இருக்கும். அந்த விடையை நம்பித்தான் மருத்துவமனைக்கோ தடுப்பணைக்கோ யாரோ இடம் முடிவு செய்கிறார்கள்.

முதலில் கவனிக்க வேண்டியது இடங்களை எண்களால் குறிக்கும் ஆயத்தொலைவு முறை, அதாவது சி.ஆர்.எஸ். தொடக்கநிலைத் தவறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் பிறக்கின்றன என்பது என் கணிப்பு. ஜி.பி.எஸ். கருவிகள் தருவது டபிள்யூ.ஜி.எஸ். 84 முறையிலான அட்சரேகை, தீர்க்கரேகை. இவற்றின் அலகு பாகை, மீட்டர் அல்ல. அட்சரேகையில் ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். தீர்க்கரேகையிலோ நிலநடுக்கோட்டில்தான் அந்த அளவு; துருவத்தை நோக்கிப் போகப்போக அது சுருங்கி, 60 பாகை அட்சரேகையில் சரிபாதியாகிவிடும். அந்த அட்சரேகையில் ஒரு பள்ளியைச் சுற்றி 0.01 பாகைக்கு பஃபர், அதாவது சுற்றெல்லை, போடுவதாக வைத்துக்கொள்வோம். திரையில் அழகான வட்டம் தெரியும். தரையில் அது வடக்கே 1.1 கிலோமீட்டரும் கிழக்கே வெறும் 550 மீட்டரும் நீளும் நீள்வட்டம். அதற்குள் எத்தனை வீடுகள் என்று எண்ணினால் வரும் எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை.

உருண்டையான பூமியைத் தட்டையாக விரிக்கும் முறைக்கு புரொஜெக்‌ஷன் என்று பெயர். இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டர் அவற்றுள் ஒன்று, அதன் அலகு மீட்டர்தான். அதனாலேயே பலர் அதை நம்பி அளந்துவிடுகிறார்கள். அந்தத் தளத்தில் நேரடியாகக் கணக்கிட்டால் 45 பாகை அட்சரேகையில் பரப்பளவு இரு மடங்காகவும், 60 பாகையில் நான்கு மடங்காகவும் வரும். ஆப்பிரிக்கா கிரீன்லாந்தைப் போலச் சுமார் 14 மடங்கு பெரியது என்றாலும், அந்தப் படத்தில் இரண்டும் ஒரே அளவாகத் தெரிவது இதனால்தான். பின்னணிப் படத்துக்கு அது போதும். ஒரு சிறிய பகுதிக்குள் தூரமோ பரப்போ அளக்க, அந்தப் பகுதிக்குரிய யு.டி.எம். மண்டலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். யு.டி.எம். முறையில் உலகத்தை 6 பாகை தீர்க்கரேகை அகலத்தில் 60 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். கண்டம் அளவுக்குப் பெரிய பகுதி என்றால் பரப்பளவைச் சிதைக்காத சமபரப்பு புரொஜெக்‌ஷன் தேவை.

மாற்றுவதிலும் ஒரு குழி இருக்கிறது. ‘செட் லேயர் சி.ஆர்.எஸ்.’ என்ற கட்டளை, இந்த எண்கள் இன்ன முறையில் உள்ளன என்று சொல்ல மட்டுமே செய்யும், எண்களைத் தொடாது. ‘ரீபுரொஜெக்ட் லேயர்’தான் எண்களைக் கணக்கிட்டு மாற்றிப் புதிய கோப்பை எழுதும். பின்னதைச் செய்யவேண்டிய இடத்தில் முன்னதைச் செய்தால் பாகைகள் மீட்டராகப் படிக்கப்பட்டு, ஒரு நகரமே சில மீட்டருக்குள் அடங்கிவிடும். அப்படிக் குலைந்தால் உடனே தெரிந்துவிடும். ஆபத்தானது வேறு: பழைய அளவைத் தரவின் டேட்டத்தை, அதாவது ஆயத்தொலைவுகளுக்கு அடிப்படையான பூமி மாதிரியை, தவறாகக் குறித்து, எல்லாப் புள்ளிகளும் சில நூறு மீட்டர் மட்டும் தள்ளி உட்கார்ந்திருப்பது. சாலைச் சந்திப்பு போல எளிதில் அடையாளம் காணக்கூடிய ஓர் இடத்தைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் வைத்துப் பார்த்தால் அது பிடிபடும்.

அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறுவதும் வழக்கம். பேச்சில் அட்சரேகையை முதலில் சொல்கிறோம். ஜியோஜேசன் என்ற கோப்பு வடிவமோ தீர்க்கரேகையைத்தான் முதலில் எதிர்பார்க்கிறது. மாறிவிட்டால் பெர்லின் நகரம் ஏமனுக்குத் தெற்கே கடலில் போய் விழும். கினியா வளைகுடாவில், இரண்டு எண்களும் பூச்சியமாகும் இடத்தில் புள்ளிகள் குவிந்திருந்தால், அட்டவணையில் காலியாக இருந்த கட்டங்கள் 0 என்று படிக்கப்பட்டிருக்கின்றன என்று அர்த்தம்.

அட்டவணைகளை இணைக்கும்போது வரும் தொல்லை இன்னும் நுட்பமானது. மக்கள்தொகை அட்டவணையில் ஒரு வட்டாரத்தின் குறியீடு 0412. எக்செல்லில் ஒருமுறை திறந்து சேமித்தால் முன்னால் இருந்த பூச்சியம் போய் அது 412 ஆகிவிடும். எல்லைக் கோப்பில் 0412 என்றே இருப்பதால் இரண்டும் பொருந்தாது. வரைபடத்தில் அந்த வட்டாரம் வெள்ளையாக நிற்கும். பார்ப்பவர் அங்கே மக்களே இல்லை என்று எடுத்துக்கொள்வார். குறியீடுகளை எப்போதும் எழுத்து வகையாகவே வைத்திருங்கள். இணைத்ததும் எத்தனை வரிசைகள் பொருந்தவில்லை என்று எண்ணிப் பாருங்கள்.

ஜி.ஐ.எஸ். தரவைச் சேமிக்கும் ஷேப்ஃபைல் என்பது ஒரே கோப்பு அல்ல. ஒரே பெயரில் பல துணைக்கோப்புகள் சேர்ந்த தொகுப்பு. அதில் பி.ஆர்.ஜே. கோப்பை விட்டுவிட்டு அனுப்பினால், பெறுபவருக்கு ஆயத்தொலைவு முறை என்னவென்று தெரியாது. நெடுவரிசைப் பெயருக்கு 10 பைட் மட்டுமே இடம். யூனிகோடு யு.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் வேண்டும் என்பதால், மூன்று குறிகளோடு பெயர் வெட்டுப்பட்டுவிடும். தமிழில் தரவு வைத்திருப்பவர்களுக்கு ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வடிவமே நிம்மதி.

கட்டம் கட்டமாக எண்களைச் சேமிக்கும் ராஸ்டர் படங்களில் நான் முதலில் பார்ப்பது பிக்சலின், அதாவது ஒரு கட்டத்தின், அளவு. லேண்ட்சாட் செயற்கைக்கோளின் பெரும்பாலான பட்டைகளில் (ஒளியின் அலைநீளப் பிரிவுகளில்) ஒரு பிக்சல் 30 மீட்டர், சென்டினல்-2இல் நுட்பமான பட்டைகளில் 10 மீட்டர். லேண்ட்சாட் 8இன் வெப்ப உணரி பதிவதோ 100 மீட்டரில். அதை 30 மீட்டராக மாற்றித்தான் நமக்குத் தருகிறார்கள். அதை வைத்து ‘இந்த வீட்டுக் கூரை சூடு, பக்கத்து வீடு குளிர்ச்சி’ என்று எழுதுவது தவறு. பிக்சல் அளவை மாற்றும்போது தேர்ந்தெடுக்கும் முறையும் முக்கியம். நிலப்பயன்பாட்டுப் படத்தில் 1 நீர், 2 கட்டடம், 3 காடு என்று இருக்கட்டும். அக்கம்பக்கக் கட்டங்களைச் சராசரி எடுக்கும் பைலீனியர் முறையில் மாற்றினால் நீரும் காடும் சந்திக்கும் கரையில் 1க்கும் 3க்கும் சராசரி எடுத்து 2 என்று எழுதிவிடும். ஏரிக்கரை நெடுக இல்லாத கட்டடங்கள் முளைக்கும்! வகை எண்கள் உள்ள படத்துக்கு, மிக அருகிலுள்ள கட்டத்தின் எண்ணை அப்படியே எடுக்கும் ‘நியரஸ்ட் நெய்பர்’ முறைதான் பொருந்தும். உயரம், வெப்பநிலை போன்ற தொடர் அளவுகளுக்கு பைலீனியர் சரி.

கைபேசி காட்டும் இடத்தின் துல்லியம் திறந்த வெளியில் சுமார் 5 மீட்டர். அது தந்த பாகை எண்ணைத் தசமப் புள்ளிக்குப் பிறகு 8 இலக்கம் வரை எழுதி வைப்பது, ஒரு மில்லிமீட்டர் துல்லியம் இருப்பதாகச் சொல்வதற்குச் சமம். 5 இலக்கமே ஒரு மீட்டரைக் காட்டிவிடும்.

வண்ணம் தீட்டிய வரைபடங்களில் அதிகம் ஏமாற்றுவது, விகிதத்துக்குப் பதில் எண்ணிக்கையைக் காட்டுவது. எங்கே மக்கள் அதிகமோ அங்கே நோயும் விபத்தும் அதிகமாகத்தான் இருக்கும். லட்சம் பேருக்கு எத்தனை என்று கணக்கிட்டால்தான் ஒப்பிட முடியும்.

தூரத்தைப் பற்றி 1854இன் லண்டன் காலராவிடம் கற்க நிறைய இருக்கிறது. ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறப்புகளை வரைபடத்தில் குறித்தது பலருக்கும் தெரியும். ஆனால் பின்னர் அவர், நோய்க்குக் காரணம் என்று அவர் கருதிய பிராட் தெரு தண்ணீர்ப் பம்புக்கும் மற்ற பம்புகளுக்கும் நடந்து போகச் சம தூரம் உள்ள எல்லையையும் வரைந்தார். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள மருத்துவமனையை ‘2 கிலோமீட்டருக்குள்’ என்று நேர்கோட்டில் அளப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் அது. பம்புக்குப் பக்கத்திலேயே இருந்தும் பீர் ஆலைத் தொழிலாளர்கள் ஏன் சாகவில்லை என்றும் அவர் விசாரித்தார். அவர்கள் அந்தப் பம்புத் தண்ணீரைக் குடிக்கவில்லை.

அதே போன்ற வரைபடத்தை இன்று போடுபவருக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. நோயாளிகளின் வீடுகளைப் புள்ளிகளாக வெளியிட்டால், பெயரை நீக்கியிருந்தாலும் யார் என்று கண்டுபிடித்துவிடலாம். புள்ளிகளைக் கட்டங்களாகத் தொகுத்து, எண்ணிக்கை மிகக் குறைவாக உள்ள கட்டங்களை மறைத்த பிறகே வெளியிட வேண்டும். மூலத் தரவை வரைபடத்தோடு இணைத்துப் பதிவேற்றிவிடவும் கூடாது.