பைக் ஹெட்லைட் உயரத்தைச் சரிசெய்வது எப்படி: சென்டர் ஸ்டாண்டில் வைத்துச் செய்யாதீர்கள்

ஆடி மாதம் ஒகேனக்கல் போய்விட்டு, இருட்டிய பிறகு பென்னாகரம் வழியாகத் தருமபுரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்னால் மனைவி, இரண்டு பக்கமும் பெட்டி, அதன்மேல் ஈரத்துணி மூட்டை. எதிரே வந்த வண்டி ஒன்றுவிடாமல் எங்களைப் பார்த்து பிரைட் அடித்தது. நானோ டிம்மில்தான் வந்துகொண்டிருந்தேன்.

பென்னாகரத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். கடை வாசலில் நின்றிருந்த லாரி ஓட்டுநர் ஒருவர், "தம்பி, டிம் போடாம வர்றியே, எதிர்ல வர்றவனுக்கு ரோடு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். பிரைட்டில் இருந்தால் மீட்டரில் எரியும் நீல விளக்கு எரியவில்லை என்பதைக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "அப்போ உன் லைட்டு வானத்தைப் பாக்குதுப்பா. இறக்கி வை" என்றார்.

எனக்கு அது பெரிய அதிர்ச்சி. ஏனென்றால் அந்த ஹெட்லைட்டை முந்தின வாரம்தான், வீட்டு வாசலில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நானே சரிசெய்திருந்தேன். எங்கே தவறினேன் என்று கண்டுபிடித்து மறுபடி செய்த முறைதான் கீழே இருப்பது.

வேண்டிய சாமான்கள்

மாஸ்கிங் டேப், அளவு டேப், மார்க்கர் பேனா, நீளமான ஸ்டார் ஸ்குரூடிரைவர். ஸ்குரூடிரைவரில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். வண்டியோடு வரும் டூல் கிட்டில் இருப்பது குட்டையானது, முனையும் சீக்கிரம் மழுங்கிவிடும். முன்பக்கம் பிளாஸ்டிக் கூடு மூடிய பல ஃபேரிங் வண்டிகளில், வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் திருகு ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஆழத்தில் இருக்கும், திருகும் பெரும்பாலும் பிளாஸ்டிக்கில் பதிந்திருக்கும். நான் தபாரியா கம்பெனியின் 8 அங்குல ஸ்குரூடிரைவர் வைத்திருக்கிறேன். பேட்டரி ஸ்குரூடிரைவரை இங்கே பயன்படுத்தவே கூடாது, ஒரு நொடியில் பல்லைத் தின்றுவிடும்.

கூட ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். எனக்கு மச்சினன் வந்தான்.

படி 1: இடம் பிடிப்பது

சமமான தரை, எதிரே செங்குத்தான சுவர், 10 மீட்டர் இடைவெளி. சொல்வது சுலபம், கிடைப்பது கஷ்டம். பெட்ரோல் பங்க் தரையெல்லாம் தண்ணீர் ஓடுவதற்குச் சரிவாகப் போட்டிருப்பார்கள். ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால், எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபம் காலியாகக் கிடந்தது. வாட்ச்மேன் அண்ணனிடம் சொல்லிவிட்டு, ராத்திரி 8 மணிக்கு அங்கே போனோம்.

தரை சமமா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பிப் பிடிப்பார்களே, அந்த டியூப் மட்டம்தான் இதற்குச் சரியான கருவி. முன்சக்கரம் நிற்கும் இடம், பின்சக்கரம் நிற்கும் இடம், சுவரின் அடி மூன்றும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அந்த மண்டபத்தில் சுவரோரம் மட்டும் 5 செ.மீ. இறங்கியிருந்தது. கவனிக்காமல் சுவரடியிலிருந்து உயரம் அளந்திருந்தால், மொத்த வேலையும் 5 செ.மீ. தப்பாகியிருக்கும். கொஞ்சம் தள்ளி வேறு சுவருக்குப் போனோம். போன் ஆப்பில் மட்டம் பார்ப்பதை நான் நம்புவதில்லை.

படி 2: முதலில் காற்று, அப்புறம் ஷாக்

இரண்டு டயரிலும் காற்று சரியாக இருக்கட்டும். பின் ஷாக்கில் ப்ரீலோட் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு இறுக்கி வைக்கிறோம் என்ற அளவு) மாற்ற முடியும் என்றால், பயணத்துக்கு எந்த அளவில் வைப்பீர்களோ அதை இப்போதே வைத்துவிடுங்கள். லைட்டைச் சரிசெய்த பிறகு ப்ரீலோடைத் தொட்டால் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

படி 3: சுமையோடு நிறுத்துவது

நான் தவறியது இங்கேதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சென்டர் ஸ்டாண்ட் போட்டால் பின்சக்கரம் தரையை விட்டுத் தூக்கி நிற்கும். வண்டி முன்பக்கம் குனிந்து, வெளிச்சம் தாழ விழும். "என்னடா, இவ்வளவு கீழே அடிக்கிறதே" என்று திருகைத் திருப்பி மேலே ஏற்றுவோம். நானும் அதைத்தான் செய்தேன். அப்புறம் இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்து, பெட்டியையும் மாட்டினால் பின்பக்கம் அமுங்கும், முன்பக்கம் நிமிரும். ஏற்கெனவே ஏற்றி வைத்த வெளிச்சம் இன்னும் மேலே போய்விடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 145 செ.மீ. என்று வைப்போம். முன்பக்கம் அப்படியே இருக்க, பின்பக்கம் மட்டும் 4 செ.மீ. அமுங்கினால், 10 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் சுமார் 28 செ.மீ. மேலே ஏறும். 15 செ.மீ. கீழே பார்க்கும்படி (ஏன் 15 என்று படி 4-ல் சொல்கிறேன்) வைத்திருந்த விளக்கு இப்போது 13 செ.மீ. மேலே பார்க்கும். ஹெட்லைட் 90 செ.மீ. உயரத்தில் இருந்தால், 50 மீட்டருக்கு அப்பால் அது தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்கும் மேல். எதிரே கார் ஓட்டி வருபவரின் கண் அதற்குக் கீழேதான் இருக்கிறது. ஒரு விரல் நீளம்கூட இல்லாத அமுக்கம் இதைச் செய்கிறது.

அதனால் வண்டி இரண்டு சக்கரத்தில் நிற்க வேண்டும். வழக்கமாக எப்படிப் பயணம் போவீர்களோ அப்படியே சுமை இருக்க வேண்டும். நான் பெட்டிகளில் துணிக்குப் பதிலாக அதே எடைக்கு அரிசிப் பை வைத்தேன், பின்னால் மனைவி உட்கார்ந்தார். ஷாக் சில நேரம் பாதியில் பிடித்து நிற்கும் என்பதால், ஏறி உட்கார்ந்ததும் இரண்டு மூன்று முறை நன்றாக அமுக்கி விட்டுவிடுங்கள். காலை அழுத்தமாக ஊன்றாதீர்கள், உடம்பு எடை சீட்டில்தான் இருக்க வேண்டும். திருகைத் திருப்புவது கூட வந்தவருடைய வேலை.

படி 4: சுவரில் குறி

வண்டியில் ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போதே, தரையிலிருந்து ஹெட்லைட்டின் நடுப்பகுதி எவ்வளவு உயரம் என்று அளக்கவும். என் வண்டியில் 90 செ.மீ. அதே உயரத்தில் சுவரில் ஒரு டேப் ஒட்டுங்கள். அதற்கு 15 செ.மீ. கீழே இன்னொன்று. 10 மீட்டரை முன்சக்கரத்திலிருந்து அல்ல, ஹெட்லைட் கண்ணாடியிலிருந்து அளக்க வேண்டும்.

ஏன் 15? 10 மீட்டருக்கு 15 செ.மீ. இறங்கினால், 90 செ.மீ. உயரத்து விளக்கின் வெளிச்சம் 60 மீட்டரில் தரையைத் தொடும். 10 செ.மீ. வைத்தால் 90 மீட்டர் வரை போகும், ஆனால் சின்ன மேட்டில் ஏறினாலே எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். 20 வைத்தால் 45 மீட்டர்தான். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 17 மீட்டர் ஓடும் என்பதை யோசித்தால், 45 எனக்குப் போதவில்லை. 5 மீட்டர் இடம்தான் இருக்கிறது என்றால் இந்த அளவைப் பாதியாக்கி, 7.5 செ.மீ. வையுங்கள்.

படி 5: திருப்புவது

டிம்மில் போட்டு, வெளிச்சத்தின் மேல் விளிம்பைப் பாருங்கள். ஹேண்டில் நேராக இருக்கட்டும். திருகு இப்போது இருக்கும் நிலையை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் ஒரே மாதிரி இரண்டு திருகு இருக்கும்: ஒன்று மேல் கீழ், இன்னொன்று இடம் வலம். கால் சுற்று மட்டும் திருப்பிச் சுவரைப் பாருங்கள், பக்கவாட்டில் நகர்ந்தால் அதே கால் சுற்றைப் பழையபடி திருப்பிவிடுங்கள். எந்தப் பக்கம் திருப்பினால் மேலே போகும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். விளிம்பு கீழ் டேப்பைத் தொட்டதும் நிறுத்துங்கள், ஷாக்கை மறுபடி அமுக்கிவிட்டு இன்னொரு முறை பாருங்கள்.

உருண்டை ஹெட்லைட் உள்ள பல வண்டிகளில் தனித் திருகு இருக்காது. இருபுறமும் பிடித்திருக்கும் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, கையால் சாய்த்து, மறுபடி இறுக்க வேண்டும். இறுக்கும்போது விளக்கு லேசாக நகரும், அதனால் கடைசி இறுக்கலுக்குப் பிறகும் ஒரு தடவை சரிபார்க்கவும்.

பின்சேர்க்கை 1

"எனக்கு விளிம்பே தெரியவில்லை, சுவர் முழுக்க வெளிச்சம்" என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். இருவருமே ஹாலஜன் ஹெட்லைட்டில் எல்.இ.டி. பல்பு மாட்டியவர்கள். ஹெட்லைட்டுக்குள் பல்பைச் சுற்றியிருக்கும் பளபளப்பான கிண்ணம்தான் ரிஃப்ளெக்டர், அது ஹாலஜன் பல்பின் இழை இருக்கும் இடத்துக்காகவே வளைக்கப்பட்டது. வேறு பல்பு போட்டால் வெளிச்சம் சிதறும், உயரத்தை எவ்வளவு மாற்றினாலும் எதிரே வருபவருக்குக் கண் கூசும். பழையபடி வண்டியோடு வந்த அதே வகை, அதே வாட் ஹாலஜன் பல்பையே போடுங்கள். விளிம்பு முழுவதுமே ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரிந்தால் பல்பின் மூன்று காதுகளும் பள்ளத்தில் சரியாக உட்காராமல் இருக்கலாம்.

பின்சேர்க்கை 2

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு தம்பி கேட்டது: வீட்டு ஷெட்டுக்குள் செய்யலாமா? 2017 ஏப்ரலிலிருந்து வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கும் சுவிட்ச் கிடையாது, பல வண்டிகளில் எஞ்சின் ஓடினால்தான் லைட் எரியும். மூடிய இடத்தில் எஞ்சின் புகை உயிருக்கே ஆபத்து. கதவைத் திறந்து வைத்தால்கூட உள்ளே வேண்டாம், வெளியில் செய்யுங்கள்.

பின்சேர்க்கை 3

"தனியாகப் போகும்போது தொப்பூர் இறக்கத்தில் சாலை கிட்டத்தில்தான் தெரிகிறது" என்று இன்னொருவர் எழுதியிருந்தார். ஆமாம், இரண்டு பேருக்கு வைத்த அளவில் தனியாகப் போனால் பின்பக்கம் உயர்ந்து, வெளிச்சம் தாழும். பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் அமுங்கி இன்னும் தாழும். நான் இரண்டு நிலைகளையும் சுவரில் பார்த்து, தனிப் பயணத்துக்கு ஒன்று, ஜோடிப் பயணத்துக்கு ஒன்று என்று திருகின் ஓரத்தில் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறேன். கிளம்பும்போது அரைச் சுற்று, அவ்வளவுதான் வேலை.