இரண்டு இணைப்பு, ஒரே பள்ளம்: விமானச் செய்தி வலையமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் அண்மையில் தம் இணைப்பு வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினார். பக்கத்து நாட்டு நிலையத்துக்கு நீலத்தில் ஒரு கோடு, சிவப்பில் ஒரு கோடு. இரண்டுக்கும் வெவ்வேறு நிறுவனங்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் வரைந்த அதே படம். அன்று எனக்கு யாரும் சொல்லாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

விமானப் பயணத் திட்டம், வானிலை அறிக்கை, விமானிகளுக்கான அறிவிப்பான நோட்டாம் ஆகியவை நாடுவிட்டு நாடு போவது, தந்திக் காலத்தில் பிறந்த ஏஎஃப்டிஎன் என்ற செய்தி வலையமைப்பு வழியாகவும், அதன் இடத்தைப் பிடித்துவரும் ஏஎம்எச்எஸ் என்ற புதிய செய்தி முறை வழியாகவும்தான். முகவரியில் எழுத்து பிசகுவது போன்ற பிழைகளை இரண்டாம் நாளே திருத்திக்கொள்வீர்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிங் போனால் போதும் என்று நினைப்பது

போதாது. எதிர்முனைக் கருவி பதில் தருகிறதா என்று மட்டுமே பிங் சோதிக்கும். ஏஎம்எச்எஸ் பேசுவது டிசிபி 102ஆம் போர்ட்டில்; அந்த வாசல் மூடியிருந்தாலும் பிங் போகும். சோதனைச் செய்தி எதிர்முனையில் சேர்ந்ததற்கான அறிக்கை திரும்பி வந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

இரண்டு நிறுவனம் என்றால் இரண்டு பாதை என்று நம்புவது

நான் அப்போது வேலை பார்த்த நிலையத்தின் மதிலுக்கு வெளியே வடிகால் வேலை நடந்தது. முற்பகலில் கருவி அறையில் இரண்டு ரௌட்டர்களின் எச்சரிக்கையும் ஒரே நொடியில் ஒலித்தது. செய்திகள் வரிசையில் குவியத் தொடங்கின: எஃப்எஃப் என்ற முன்னுரிமைக் குறியுடன் பயணத் திட்டங்கள், அதற்கு அடுத்த ஜிஜி குறியுடன் வானிலையும் நோட்டாமும். அடுத்த நாட்டுக் கட்டுப்பாட்டு மையத்துக்குத் தொலைபேசியில், ஒவ்வொரு விமானத்தின் அழைப்புக் குறியையும் உயரத்தையும் சக ஊழியர்கள் மாலை வரை தொண்டை கட்டும்படி வாசித்தார்கள்.

நான் பள்ளத்தில் இறங்கிப் பார்த்தேன். பொக்லைன் கிழித்த ஆரஞ்சு நிறக் குழாய் ஒன்றே ஒன்றுதான். அதற்குள் இரண்டு ஃபைபர் கேபிள்கள். மேலுறையில் இரண்டு நிறுவனங்களின் பெயர்கள். கடைசி 2 கிலோமீட்டருக்கு ஒரு நிறுவனம் மற்றதன் குழாயையே வாடகைக்கு எடுத்திருந்தது. ஒப்பந்தத்தில் ‘இரு வேறு சேவையாளர்’ என்று எழுதியிருந்தோம். ‘இரு வேறு பாதை’ என்று எழுதவில்லை. அதை ஏற்றுக் கையெழுத்திட்டவன் நான். இரண்டு இணைப்புக்கு மாதாமாதம் பணம் கட்டி ஒன்றைத்தான் வைத்திருந்தோம் என்பது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

ஆகவே இரு நிறுவனங்களிடமும் கேபிள் செல்லும் வழியின் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். வாங்கிக் கோப்பில் செருகிவிடாமல், அந்த வழியே நடந்து போய் ஒவ்வொரு மேன்ஹோலையும் திறக்கச் சொல்லிப் பாருங்கள். கட்டடத்துக்குள் இரண்டும் வெவ்வேறு சுவர் வழியாக நுழைய வேண்டும். உள்ளே வந்த பிறகும் விடாதீர்கள்: இரண்டு ஃபைபர் கன்வர்ட்டர்களும் ஒரே மின்பலகையில் செருகப்பட்டிருப்பதை எத்தனையோ அறைகளில் பார்த்திருக்கிறேன். முடிந்தால் இரண்டாவது வழி ஃபைபராகவே இல்லாமல் மைக்ரோவேவாகவோ, சிறிய ஆண்டெனா வழியான செயற்கைக்கோள் இணைப்பான விசாட்டாகவோ இருக்கட்டும்.

இன்னொன்று, பலரும் தவறவிடுவது. முதல் நாள் தனித்தனியாக இருந்த பாதைகள், பழுதுபார்ப்பின்போது நிறுவனம் தன் வசதிக்கு மாற்றிவிடுவதால், நமக்குத் தெரியாமலே பின்னாளில் ஒன்றாகிவிடும். பாதையை மாற்றினால் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற வரி ஒப்பந்தத்தில் இல்லையென்றால் கையெழுத்திடாதீர்கள்.

ஆசிய பசிபிக் நாடுகளின் சிஆர்வி, ஐரோப்பாவின் பென்ஸ் போன்ற, பல நாடுகள் பகிர்ந்துகொள்ளும் பொது வலையமைப்பில் சேர்ந்துவிட்டோமே என்று சிலர் நிம்மதி அடைகிறார்கள். அங்கேதான் கவனம் கூட வேண்டும். முன்பு ஒவ்வோர் அண்டை நாட்டுக்கும் தனி லைன். ஒன்று அறுந்தால் ஒரு நாடு போகும். இப்போது எல்லா நாடுகளும் உங்கள் வாசலில் உள்ள ஒரே இணைப்பு வழியாக வருகின்றன. வாசல் அறுந்தால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் போவார்கள்.

ஏஎம்எச்எஸ் வந்தால் எதையும் அனுப்பலாம் என எண்ணுவது

எதிர்முனை இன்னும் ஏஎஃப்டிஎன்னில் இருந்தால் 1,800 எழுத்துதான் எல்லை. 2020 நவம்பரில் கட்டாயமான, எக்ஸ்எம்எல் வடிவில் எழுதப்படும் ஐடபிள்யூஎக்ஸ்எக்ஸ்எம் வானிலைக் கோப்பு அந்த வழியில் போகவே போகாது. யார் எதில் இருக்கிறார்கள் என்ற பட்டியலை முதலில் தயார் செய்யுங்கள்.

பொது இணையத்தில் விபிஎன் போட்டு அதையே முதன்மை வழி ஆக்குவது

வேண்டாம். மூன்றாவது வழியாக மட்டும்.

சூரியனை மறப்பது

விசாட்டை மாற்று வழியாக வைத்திருப்பவர்களுக்கு இது. மார்ச்சையும் செப்டம்பரையும் ஒட்டிய சில நாட்களில், செயற்கைக்கோளுக்கு நேர் பின்னே சூரியன் வரும்போது, பகலில் சில நிமிடங்கள் சிக்னல் மூழ்கிவிடும். நாளையும் நேரத்தையும் முன்பே கணக்கிட முடியும்; சேவையாளரிடம் கேட்டால் அட்டவணை தருவார். ஒரு முறை அந்த நிமிடங்களிலேயே ஃபைபர் பராமரிப்புக்கு அனுமதி கேட்டு என் மேசைக்குத் தாள் வந்தது. அட்டவணை சுவரில் ஒட்டியிருந்ததால் தேதியை மாற்றி எழுதித் திருப்பி அனுப்பினேன்.