மொறிஸ் மைனருக்கு எலக்ரோனிக் டிஸ்ரிபியூட்டர் போடுறது எப்பிடி

டிஸ்ரிபியூட்டர்தான் ஸ்பார்க்கை முறைப்படி ஒவ்வொரு பிளக்குக்கும் பிரிச்சு அனுப்புற சாமான். எங்கட கிரவல் ரோட்டுப் புழுதியில ஓடுற மைனர் காருக்கு அதுக்குள்ள கொயிலுக்குப் போற கரண்டை வெட்டி வெட்டி விடுற பொயின்ற் எண்டுறது ஓயாத வேலை. எமரி பேப்பரால உரஞ்சி 15 தௌ (அங்குலத்தில ஆயிரத்தில 15 பங்கு) கேப் வைச்சு மூடினா கொஞ்ச நாளில திரும்ப மிஸ்ஸிங். அதுதான் லூக்காஸ் 25D4 எண்ட பழைய டிஸ்ரிபியூட்டரைக் கழட்டிப்போட்டு முழு எலக்ரோனிக் டிஸ்ரிபியூட்டராவே போட்டிட்டன். பொயின்ற்றின்ர வேலையைச் செய்யிற எலக்ரோனிக் மொடியூலை மட்டும் வைக்கிற கிட்டும் இருக்கு, ஆனா பழைய தண்டு ஆடினா அது வைச்சும் பிரயோசனமில்லை.

முதல் எர்த்தைப் பாருங்கோ. மைனர் கடைசி வரைக்கும் பொசிற்றிவ் எர்த்தாத்தான் வந்தது, அதாவது பற்றரியின்ர பிளஸ்தான் பொடியில பூட்டியிருக்கும். இடையில ஆரும் மாத்தியிருக்கலாம், ஆனபடியா வாயால கேட்டு நம்பாதேங்கோ, பொனற்றைத் திறந்து எந்த முனையின்ர வயர் பொடிக்குப் போகுதெண்டு கண்ணால பாருங்கோ. மாங்குளத்தில ஒரு ஐயா புது சாமான் பழுதெண்டு பேசிக்கொண்டு நிண்டார், பார்த்தா நெகற்றிவ் எர்த் சாமானை பொசிற்றிவ் எர்த் காரில பூட்டியிருக்கு, சுவிச்சைப் போட்ட உடனயே மொடியூல் எரிஞ்சு போச்சு.

ஒண்டில் பொசிற்றிவ் எர்த்துக்கு எண்டே செய்ததை வாங்குங்கோ, இல்லாட்டி காரை மாத்துங்கோ. மாத்துறதெண்டா பற்றரியைத் திருப்பி வைக்கோணும் (பிளஸ் முனை தடிப்பு, பழைய ரேர்மினல் பொருந்தாது, புதுசு ரெண்டு வாங்குங்கோ), கொயில்ல சுவிச்சில இருந்து வாற வெள்ளை வயரை பிளஸ்ஸுக்கு மாத்தோணும், பிறகு டைனமோவின்ர F வயரைக் கழட்டி, பற்றரி பிளஸ்ஸில இருந்து ஒரு வயரால அந்த F முனையை ரெண்டு செக்கன் தொடோணும். சின்னதா பொறி பறக்கும், பயப்பிடாதேங்கோ. இதை விட்டா டைனமோ சார்ஜ் பண்ணாது.

இனி பூட்டுறது. பிளக் நாலையும் கழட்டி, ரேடியேற்றர் பக்கத்து முதலாம் பிளக் ஓட்டையில பெருவிரலை வைச்சுக்கொண்டு ஹான்டிலால சுத்துங்கோ, காத்துத் தள்ளேக்க எஞ்சின் முன்பக்கக் கப்பியில (pulley) இருக்கிற வெட்டை பெரிய முள்ளுக்கு நேர கொண்டுவந்து நிப்பாட்டுங்கோ. ரோட்டர் எங்க பார்க்குதெண்டு போனில ஒரு படம். கிளாம்ப் போல்ற்றை மட்டும் இளக்கி மேல இழுங்கோ. அடி நாக்கு நடுவில இல்லை, ஒரு பக்கம் விலகியிருக்கும், அதால புதுசு ஒரு மாதிரித்தான் இறங்கும். பிளக் வயர் 1-3-4-2, ரோட்டர் இடப்பக்கமாச் சுத்தும்.

நெகற்றிவ் எர்த்தில சிவப்பு வயர் கொயில் பிளஸ்ஸுக்கு, கறுப்பு மைனஸ்ஸுக்கு, எண்டாலும் பெட்டிக்குள்ள இருக்கிற பேப்பரை ஒருக்கா வாசியுங்கோ. கொயிலை மீற்றரால அளந்தா 3 ஓம் கிட்ட வரோணும். 1.5 ஓம் கொயிலை பலாஸ்ற் (கரண்டைக் குறைக்கிற தடை) இல்லாமல் பூட்டினா கொயிலும் கொதிக்கும், மொடியூலும் போகும். செப்புக்கம்பி பிளக் வயரை எறிஞ்சிட்டு கார்பன் வயர் போடுங்கோ, இல்லாட்டி மொடியூல் குழம்பும்.

ரைமிங்குக்கு, அதாவது ஸ்பார்க் விழுற நேரத்தைச் சரிபண்ண, காதை நம்பாதேங்கோ, ரைமிங் லைற் ஒண்டு இரவல் வாங்குங்கோ. யுத்தத்தில பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில மண்ணெண்ணெயில ஓடின கார்களுக்கு ரைமிங்கைப் பின்னுக்குத் தள்ளி வைச்சிருப்பினம், அந்தப் பழைய அடையாளத்தைப் பார்த்துப் பூட்டினா பெற்றோலுக்கு இழுவையே வராது. டிஸ்ரிபியூட்டரை வலப்பக்கம் திருப்பினா ரைமிங் முன்னுக்குப் போகும், லோட்டில டிக்டிக் எண்டு தட்டினா கொஞ்சம் பின்னுக்கு விடுங்கோ.

பேந்து சேர்த்தது: வவுனியாவில இருந்து ஒரு தம்பி ஸ்பார்க்கே இல்லையெண்டு கேட்டார். சிவப்பு வயரில 12 வோல்ற் வருது, ஆனா கிளாம்ப் இருக்கிற இடத்தில பெயின்ற். சுரண்டி எர்த் பிடிக்கப்பண்ண உடனயே ஸ்ரார்ட். இன்னொண்டு, எஞ்சின் நிண்டிருக்கேக்க பாட்டுக் கேக்கவெண்டு சுவிச்சைப் போட்டு வைக்காதேங்கோ, கொயில் வெந்துபோகும்.

கழட்டின பழசை விக்காதேங்கோ. பொயின்ற், கண்டென்சரோட துணியில சுத்தி டிக்கிக்குள்ள போட்டு வையுங்கோ, ராவில ஒட்டுசுட்டான் பக்கம் மொடியூல் போனா மாத்திப் பூட்டிக்கொண்டு வீட்டை வரலாம்.