நசுங்கிய முதுகெலும்புக்கு சிமெண்ட் ஊசி: சரி என்று சொல்லும் முன்

எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்குக் கீழே விழுந்தால்தான் முதுகெலும்பு உடையும் என்றில்லை, குனிந்து வாளியைத் தூக்கினாலோ பலமாகத் தும்மினாலோகூட ஒரு எலும்பு நசுங்கிவிடலாம். எக்ஸ்ரே பார்த்த கையோடு 'சிமெண்ட் போட்டுவிடலாம்' (நசுங்கிய எலும்புக்குள் ஊசியால் செலுத்தி இறுக வைக்கும் மருத்துவச் சிமெண்ட்) என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்.

முதலில் கேட்க வேண்டியது, இது புது முறிவா பழையதா என்பதை. எக்ஸ்ரேயில் நசுங்கிய வடிவம் தெரியும், எப்போது நசுங்கியது என்பது பெரும்பாலும் தெரியாது. எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லுங்கள். அதில் 'ஸ்டிர்' என்கிற வரிசைப் படங்களில் அந்த எலும்பு வெள்ளையாகத் தெரிந்தால் உள்ளே நீர் கோத்திருக்கிறது, அதாவது புண் இன்னும் ஆறவில்லை. வெள்ளை இல்லையென்றால் பழைய முறிவு, வலி பெரும்பாலும் வேறெங்கிருந்தோ வருகிறது, சிமெண்டால் பெரிய பலன் இருக்காது. டாக்டர் விரலால் தட்டும்போது அதே இடத்தில்தான் வலிக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

அப்புறம், அவசரம் வேண்டாம். நிறைய பேருக்கு வலி மாத்திரை, முதுகு பெல்ட், கொஞ்சம் நடை என்று 6 முதல் 12 வாரங்களில் வலி தானாக அடங்கிவிடும் (படுத்தே கிடந்தால் எலும்பு இன்னும் பலவீனமாகும்). 2009இல் வந்த இரண்டு ஆய்வுகளில், சிமெண்ட் போட்டவர்களுக்கும் போட்டது போல் பாவனை செய்யப்பட்டவர்களுக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது. 2016இல் வந்த இன்னொரு ஆய்வில், முறிந்து 6 வாரத்துக்குள் கடும் வலியோடு இருந்தவர்களுக்குப் பலன் தெரிந்தது. டாக்டர்களே இதில் இரண்டு கட்சி. என் கணக்கில், மருந்து கொடுத்தும் புரண்டு படுக்கவோ எழுந்து உட்காரவோ முடியாதவருக்குத்தான் இது. கால் மரத்துப்போனாலோ சிறுநீர் அடைத்தாலோ அது வேறு அவசரம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

செய்வது இப்படி: குப்புறப் படுக்க வைத்து, பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி ஊசியை எலும்புக்குள் இறக்கி, பற்பசைப் பதத்தில் இருக்கும் சிமெண்டை மெதுவாகச் செலுத்துவார்கள். இது வெர்டிப்ரோபிளாஸ்டி. முதலில் சின்ன பலூனை ஊதி இடம் உண்டாக்கிவிட்டு நிரப்பினால் கைஃபோபிளாஸ்டி. ஒரு எலும்புக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், அப்புறம் ஓரிரு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். சிமெண்ட் கொஞ்சம் வெளியே கசிவது சகஜம், பெரும்பாலும் தொந்தரவு தராது; ஆனால் தண்டுவடப் பக்கமோ ரத்தக்குழாய் வழியாக நுரையீரலுக்கோ போனால் ஆபத்து, அரிதுதான் என்றாலும் இதைப் பற்றி வாய்விட்டுக் கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது.

வலி போனதும் பலர் விட்டுவிடுவது எலும்புக்கான வைத்தியத்தை. சிமெண்ட் அந்த ஒரு எலும்புக்குத்தான், மற்றவை அதே பலவீனத்தோடுதான் இருக்கின்றன. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன், வைட்டமின் டி பரிசோதனை, எலும்பை வலுப்படுத்தும் மருந்துகளான ஜோலெட்ரோனிக் அமிலமோ டெரிபாராடைடோ எது பொருந்தும் என்ற பேச்சு, எல்லாவற்றையும் டிஸ்சார்ஜுக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். சில வாரங்களில் புதிதாக வேறிடத்தில் வலித்தால் பக்கத்து எலும்பும் நசுங்கியிருக்கலாம், திரும்பப் போய்ப் படம் எடுங்கள்.