இன்ஸ்டன்ஸ்ஆஃப் 'இல்லை' என்றது, லாக் 'ஆம்' என்றது

ஹைபர்னேட் (ஜாவா ஆப்ஜெக்டுகளை டேட்டாபேஸோடு இணைக்கும் லைப்ரரி) பயன்படுத்தும் ஜாவா புராஜெக்ட் ஒன்றில் 'கட்டணம்' என்ற தாய் கிளாஸ். அதிலிருந்து கார்டு கட்டணம், வங்கிக் கட்டணம் என இரண்டு சப்கிளாஸ்கள். ஆர்டரிலிருந்து கட்டணத்தை எடுத்து, கார்டா என்று இன்ஸ்டன்ஸ்ஆஃப் (ஆப்ஜெக்டின் வகையைச் சோதிக்கும் ஆபரேட்டர்) போட்டுப் பார்த்தால் ஃபால்ஸ். வங்கியா? அதுவும் ஃபால்ஸ். காஸ்ட் செய்தால் கிளாஸ்காஸ்ட் எக்செப்ஷன். ஆனால் அதே ஆப்ஜெக்டை லாகில் அச்சிட்டால் கார்டு கட்டணத்தின் விவரம் அப்படியே வருகிறது!

கெட்கிளாஸ் மெத்தடைக் கூப்பிட்டதும் விஷயம் புரிந்தது. கிளாஸ் பெயரின் நடுவே 'ஹைபர்னேட்பிராக்ஸி' என்று இருந்தது. ஆர்டரில் உள்ள கட்டண ஃபீல்டு லேஸி, அதாவது தேவைப்படும்போதுதான் டேட்டா எடுக்கப்படும். டேட்டாபேஸில் தேடும் முன்பே ஹைபர்னேட் ஒரு பிராக்ஸியை (உண்மையான ஆப்ஜெக்டுக்குப் பதிலாக நிற்கும் ஆப்ஜெக்டை) உருவாக்கிவிடுகிறது. உள்ளே வரப்போவது எந்த சப்கிளாஸ் என்று அப்போது அதற்குத் தெரியாது. அதனால் தாய் கிளாஸை மட்டுமே எக்ஸ்டெண்ட் செய்கிறது. ஆனால் டூஸ்ட்ரிங் (லாகில் அச்சிடும்போது அழைக்கப்படும் மெத்தட்) போன்ற மெத்தட் அழைப்புகளை உண்மையான ஆப்ஜெக்டுக்குத் தள்ளிவிடுகிறது. லாக் சரியாக வந்த காரணம் அதுதான்.

உடனடித் தீர்வு, ஹைபர்னேட்.அன்பிராக்ஸி. 5.2.10 பதிப்பிலிருந்து இருக்கிறது. அது தரும் உண்மையான ஆப்ஜெக்டில் இன்ஸ்டன்ஸ்ஆஃப் சரியாக வேலை செய்கிறது.

ஆனாலும் நான் அங்கே நிறுத்தவில்லை. வகை கேட்டுப் பிரியும் இஃப் வரிசையையே எடுத்துவிட்டு, தாய் கிளாஸில் ஒரு அப்ஸ்ட்ராக்ட் மெத்தட் வைத்தேன். ஒவ்வொரு சப்கிளாஸும் தன் வேலையைத் தானே செய்கிறது. பிராக்ஸி வழியாகக் கூப்பிட்டாலும் சரியான மெத்தடுக்கே போகிறது. தாய் கிளாஸின் மெத்தட்களை மட்டும் ஃபைனல் ஆக்கிவிடாதீர்கள்; பிராக்ஸியால் அவற்றை ஓவர்ரைடு செய்ய முடியாது.