நம்ம காலேஜ் பிள்ளைங்க எந்த ஊரு, எப்படிப்பட்ட வீடுன்னு வருஷவாரியா மேப் போடுறது எப்படி

தென் ஆப்பிரிக்கா டர்பன்ல பழைய மாணவர் சங்கம் நடத்துறவங்க நிறைய பேருக்கு இந்த ஆசை இருக்கு. 1961-ல சாலிஸ்பரி ஐலண்ட்ல இந்தியர்களுக்குன்னு தனியா காலேஜ் ஆரம்பிச்சதுல இருந்து, 1972-ல வெஸ்ட்வில்லுக்கு மாறி, 2004-ல நேட்டால் யூனிவர்சிட்டியோட இணைஞ்சது வரைக்கும், யார் யார் எங்கிருந்து வந்து படிச்சாங்கன்னு ஒரே படத்துல காட்டணும். சாஃப்ட்வேர் ஒண்ணும் பிரச்சனை இல்ல, கூகுள் ஷீட்டும், மேப் போடுற கியூஜிஐஎஸ்ஸும் இலவசம்தான். நம்மள படுத்துறது ஊர்ப் பேருங்கதான்.

ஷீட்ல ஒரு ஆளுக்கு ஒரு வரி வைங்க. பிறந்த ஊருக்கு ஒரு கட்டம், காலேஜ் சேந்தப்போ குடியிருந்த ஊருக்கு இன்னொரு கட்டம், ரெண்டையும் ஒண்ணாக்கவே ஆக்காதீங்க. ஏன்னா எந்த இனத்துக்காரங்க எந்த ஏரியாவுல இருக்கணும்னு பிரிச்ச குரூப் ஏரியாஸ் சட்டத்தை வச்சு, டர்பன் கேட்டோ மேனர்ல இருந்த நம்ம ஜனங்களை கிளப்பி இந்தியர்களுக்குன்னு ஒதுக்கின சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பிட்டாங்க, முனிசிபாலிட்டி தொழிலாளிங்க குடியிருந்த மேகஸின் பேரக்ஸ்காரங்களும் அங்கதான் போனாங்க, அதனால மேப்ல கேட்டோ மேனர் வட்டம் சுருங்கி சாட்ஸ்வர்த் வட்டம் பெருசாகும், பாக்குறவங்க புதுசா ஒரு ஏரியாவே படிக்க வந்துருச்சுன்னு நினைப்பாங்க, ஆனா வந்தது அதே வீட்டுப் பிள்ளைங்க, அட்ரஸ் மட்டும்தான் வேற. ரெண்டு கட்டம் இருந்தா பிறந்த ஊர்ல இருந்து குடியிருந்த ஊருக்கு ஒரு கோடு இழுத்துரலாம், இந்த வேலையிலயே அழுத்தமான படம் அதுதான்.

அடுத்து வருஷத்தையும் ஊரையும் சேத்து வச்சு செக் பண்ணுங்க. பீனிக்ஸ் டவுன்ஷிப் வந்தது 1976-ல. 1965-ல சேந்தவர் வீடு பீனிக்ஸ்னு எழுதியிருந்தா அவர் காந்தி ஆரம்பிச்ச பீனிக்ஸ் குடியிருப்புப் பக்கமா இருக்கலாம், இல்லன்னா இப்போ இருக்கிற அட்ரஸை போட்டிருப்பார், போன் போட்டு கேட்டுருங்க. ஸ்டேங்கர்னு ஒருத்தர் எழுதுவார், குவாடுகூசான்னு இன்னொருத்தர் எழுதுவார், ரெண்டும் ஒரே ஊர்தான், பழைய பேரும் புதுப் பேரும். டொங்காட்டுக்கும் இதே கதைதான். பழைய பேரை ஒரு கட்டத்துல அப்படியே விட்டுட்டு, பக்கத்துல ஒரே மாதிரி பேர் வர்ற கட்டம் ஒண்ணு சேருங்க.

இப்போ வீட்டு நிலைமை. சம்பளத்தை ரேண்ட்ல கேட்டு வாங்கி வரிசையா போடாதீங்க, 1970 ரேண்டும் இன்னைக்கு ரேண்டும் ஒண்ணா என்ன? அதோட யாருக்கும் அப்பாவோட சம்பளம் ஞாபகம் இருக்காது, என்ன வேலைன்னு கேட்டா டக்குனு சொல்லிருவாங்க. கரும்புத் தோட்டம் சுகர் மில், ஃபேக்டரி, கடை வியாபாரம், டீச்சர் ஆபீஸ் வேலை, டாக்டர் வக்கீல், வேலை இல்லாதவங்கன்னு ஆறு வகை போதும். அம்மா வேலையை கண்டிப்பா தனியா கேளுங்க. டர்பன் துணி ஃபேக்டரிகள்ல தச்சு பிள்ளைய படிக்க வச்ச அம்மாக்கள் எத்தனை பேர், அப்பா கட்டம் மட்டும் வச்சா அவங்க யாருமே படத்துல வரமாட்டாங்க. அப்பா அம்மா எதுவரை படிச்சாங்கன்னும் கேட்டுக்கோங்க, எல்லா காலத்துக்கும் ஒப்பிட அது நல்ல அளவு.

இணைஞ்சதுக்கு அப்புறம் வந்தவங்களையும் கணக்குல சேத்தா, 2000-க்கு அப்புறம் சேந்தவங்களை என்எஸ்ஃபாஸ்ங்கிற அரசு படிப்பு உதவி வாங்கினாங்களான்னு வச்சு பிரிக்கலாம்னு தோணும். முழு உதவிக்கான குடும்ப வருமான வரம்பை 2018-ல 350,000 ரேண்ட்னு ஆக்கினாங்க, அதுக்கு முன்னாடி 122,000. அதை கவனிக்காம கோடு போட்டா 2018-ல திடீர்னு ஏழை வீட்டுப் பிள்ளைங்க கூடிட்ட மாதிரி தெரியும், மாறினது ரூல்தான். அந்த வருஷத்துல கோட்டை உடைச்சுக் காட்டுங்க. 2004-லயும் அப்படித்தான், இணைஞ்சதுக்கு அப்புறம் அது வேற யூனிவர்சிட்டி.

படம்னு வரும்போது முனிசிபாலிட்டி எல்லைக்குள்ள கலர் நிரப்புற மேப் வேண்டாம், வெறும் கரும்புக் காடா இருக்கிற பெரிய இடம் கண்ணை இழுத்துரும், சின்ன இடத்துல நெருக்கமா ஆளுங்க இருக்கிற, டர்பன்ல உள்ள மெரபேங்க் மாதிரி ஏரியா தெரியவே தெரியாது. ஊருக்கு ஒரு வட்டம் வைங்க, ஆள் எண்ணிக்கைக்குத் தக்க வட்டத்தோட பரப்பு வளரணும், விட்டம் வளந்தா ரெண்டு மடங்கு ஆளு நாலு மடங்கா தெரியும். டர்பன் மட்டும் நெருக்கமா இருக்கும், அதை ஓரத்துல பெருசாக்கி தனியா போடுங்க. ஓடுற வீடியோ மேப் பாக்க ஜோரா இருக்கும், ஆனா முந்தின படம் யாருக்கும் மனசுல நிக்காது, அதனால 1961–71, 1972–84, 1985–94, 1995–2003ன்னு நாலு சின்ன மேப்பை ஒரே ஸ்கேல்ல பக்கத்துல பக்கத்துல வைங்க. பெற்றோர் வேலைக்கு அதே நாலு காலத்துக்கும் நூறு பர்சென்ட் அடுக்கு பார் போதும், சார்ட் போடுற டேட்டாராப்பர் சைட்லயே போட்டுரலாம். எத்தனை பேர்னு கீழ எழுத மறக்காதீங்க, வெறும் பர்சென்ட்டை நம்பி பேசக்கூடாது.

கடைசியா ஒண்ணு, உம்சின்டோவுல 1968-ல சேந்த ஒரே டாக்டர் வீட்டுப் பிள்ளைன்னா பேரே போடலன்னாலும் ஊர்ல எல்லாருக்கும் யாருன்னு தெரியும். அஞ்சு பேருக்குக் கம்மியா இருக்கிற ஊரை எல்லாம் தெற்குக் கரை, வடக்குக் கரைன்னு சேத்துருங்க. தனிநபர் தகவலைப் பாதுகாக்கிற பொப்பியா சட்டம் வேற இருக்கு, ஃபார்ம் வாங்கும்போதே எதுக்குன்னு சொல்லி சம்மதம் வாங்கிக்கோங்க, பேர் இருக்கிற ஷீட் ஒருத்தர்கிட்ட மட்டும் பாஸ்வேர்டோட இருக்கட்டும்.