பால்வாடியிலிருந்து பட்ஜெட் வரை: கோயிலும் பள்ளிவாசலும் பதியும் சேர்ந்து பிள்ளைகளுக்காகப் பேசுவது எப்படி?

நான் கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்தில் ஒரு சபையில் ஞாயிறு பள்ளி ஆசிரியை. சுற்றிலும் ரப்பர் தோட்டம். என் வகுப்பில் பல பிள்ளைகளின் பெற்றோர் விடியுமுன்னே பால்வெட்டப் போய்விடுவார்கள். பிள்ளை தானே எழுந்து, கட்டன்சாயா குடித்து, தங்கைக்குத் தலைவாரிவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பும்.

இதைப் பார்த்துப் பொறுக்காமல் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மனு எழுதினோம். "குழந்தைகள் நலனுக்கு அரசு கூடுதல் நிதி ஒதுக்க வேண்டும்" என்று ஒரே வரி, கீழே முந்நூறு கையெழுத்து. ஒப்புகைச் சீட்டு வந்தது, அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அரசுப் பணியில் ஓய்வுபெற்ற அக்கா ஒருவரிடம் நகலைக் காட்டினேன். "டீச்சர், இத எந்த மேசைக்கு அனுப்பணும்னு எனக்கே தெரியல்லியே" என்றார். அந்தப் பதிலிலிருந்து கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் மாவட்டத்துக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு மாநிலத்திலேயே முதலிடம். அதனால் "குமரியில் பிள்ளைகளுக்கு என்ன குறை?" என்று கேட்பவர்கள் அதிகம். குறை இருக்கிறது என்றால் அதை எண்ணிக்கையோடு காட்ட வேண்டியது நம் பொறுப்பு.

படி 1: எண்ணுங்கள்

முதல் இரண்டு மாதம் வேறு எதுவும் வேண்டாம். உங்கள் ஊரின் ஒரு வார்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு வயதுக்குள் எத்தனை பிள்ளைகள்? அங்கன்வாடிக்கு, அதாவது நாம் இன்னும் பால்வாடி என்று சொல்கிற இடத்துக்கு, எத்தனை பேர் போகிறார்கள்? மையம் சொந்தக் கட்டடமா, வாடகை வீடா? கழிப்பறை, குடிநீர், மின்விசிறி உண்டா? பணியாளர், உதவியாளர் இருவரும் இருக்கிறார்களா, ஒருவரே இரண்டு மையத்தைப் பார்க்கிறாரா?

இந்த வேலைக்கு நம் அமைப்புகளை விடப் பொருத்தமானவை இல்லை. கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம் என்ற குடும்பக் குழுக்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் முப்பது நாற்பது வீடு. சபைகளில் பெண்கள் ஐக்கியச் சங்கம், முஸ்லிம் ஊர்களில் ஜமாஅத், அய்யாவழி அன்பர்களுக்கு அவர்களின் வழிபாட்டு இடங்களான பதியும் நிழல் தாங்கலும், இந்து ஊர்களில் ஊர்த் தலைவரும் கோயில் கமிட்டியும். எந்த வீட்டில் எத்தனை பிள்ளை என்று இவர்களுக்குக் கேட்காமலே தெரியும். விட்டுப்போகிறவர்களை மட்டும் தேடிப் போய் எண்ணுங்கள். செங்கல் சூளையில் தங்கியிருக்கும் வெளிமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகள் எந்தக் கோயில் ஏட்டிலும் இருக்க மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை: பிள்ளைகளின் பெயரையோ படத்தையோ மனுவிலும் வாட்ஸ்அப்பிலும் போடாதீர்கள். பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தடை செய்கிறது. எண்ணிக்கை போதும். எண்ணும்போது ஏதாவது குழந்தை ஆபத்தில் இருப்பது தெரிந்தால் மனு வரைக்கும் காத்திருக்காமல் அன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள்.

படி 2: பணம் யார் கையில்?

எங்கள் முதல் மனு தோற்றது இங்கேதான். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அங்கன்வாடி, ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் வருகிறது. 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய திட்டம். தமிழ்நாட்டில் சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை அதைப் பார்க்கிறது. ஆனால் ஒரே மையத்துக்குள் பல கைகளின் பணம் இருக்கிறது. பிள்ளையின் இணை உணவுச் செலவை ஒன்றிய அரசும் மாநில அரசும் பாதிக்குப் பாதி ஏற்கின்றன. 2017-ல் ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு 8 ரூபாய், கடுமையான எடைக்குறைவு உள்ள குழந்தைக்கு 12 ரூபாய் என்று ஒன்றிய அரசு நிர்ணயித்தது. எட்டு ரூபாய்க்கு மார்த்தாண்டம் சந்தையில் என்ன வாங்கலாம் என்று ஒவ்வொரு தாய்க்கும் தெரியும். அதை உயர்த்தச் சொல்ல வேண்டுமானால் மனு நாடாளுமன்ற உறுப்பினருக்குப் போக வேண்டும். கூரை ஒழுகினால் ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், அல்லது சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி. பணியிடம் காலியாக இருந்தால் துறை. முதலில் வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரைப் பாருங்கள், அப்புறம் மாவட்ட ஆட்சியர்.

காலை உணவுத் திட்டத்தைப் பாருங்கள், மேலிடத்தில் ஒரு சொல் மாறுவது நம் பிள்ளையின் தட்டை எப்படித் தொடுகிறது என்று புரியும். 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25-ல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. நம் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் கிறிஸ்தவ சபைகள் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகள். அங்கே படிக்கும் பால்வெட்டுத் தொழிலாளியின் பிள்ளை அப்போது அந்தப் பட்டியலில் இல்லை. ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15-ல் வந்தது. நகர்ப்புறத்துக்கு 2025 ஆகஸ்ட் 26 வரை ஆனது. "அரசுப் பள்ளி" என்பதோடு "உதவிபெறும் பள்ளி" என்ற சொல் சேர அவ்வளவு காலம் பிடித்தது. பார்வைக்குக் கிராமமாக இருக்கும் நம் ஊர்களில் பல, ஏட்டில் பேரூராட்சி. உங்கள் ஊர் ஏட்டில் என்னவாக இருக்கிறது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விவரம் கிடைக்காவிட்டால் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், தமிழிலேயே எழுதலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். "எங்கள் ஒன்றியத்தில் எத்தனை அங்கன்வாடி வாடகைக் கட்டடத்தில் இயங்குகிறது? எத்தனை பணியிடம் காலி?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். நீளமாகக் கேட்டால் பதில் சுற்றி வளைத்துத்தான் வரும்.

படி 3: ஒரே கோரிக்கை

பத்து கேட்கலாம் என்று ஆசை வரும். வேண்டாம். மாதிரிக்கு ஒன்று, எண்கள் வெறும் உதாரணம்:

"எங்கள் ஊராட்சி 4-ஆம் வார்டு அங்கன்வாடியில் 27 குழந்தைகள் பதிவாகியுள்ளனர். மையம் கழிப்பறை இல்லாத வாடகை வீட்டில் இயங்குகிறது. அருகில் ஊராட்சிக்குச் சொந்தமான 5 சென்ட் இடம் காலியாக உள்ளது. வரும் நிதியாண்டில் சொந்தக் கட்டடம் கட்ட நிதி ஒதுக்குமாறு வேண்டுகிறோம்."

இதை எந்த மேசைக்கு அனுப்ப வேண்டும் என்று யாருக்கும் சந்தேகம் வராது. இயன்றால் 2021 நவம்பர் 20-ல் மாநில அரசு வெளியிட்ட தமிழ்நாடு மாநிலக் குழந்தைகள் கொள்கையையும் ஒரு வரியில் சுட்டுங்கள். அரசே ஏற்றுக்கொண்ட கடமையைத்தானே நினைவூட்டுகிறோம்.

படி 4: எல்லாரும் சேர்ந்து கையெழுத்திடுங்கள்

பங்குத்தந்தை, போதகர், இமாம், கோயில் கமிட்டித் தலைவர், தாங்கல் பணிவிடைக்காரர், எல்லாருடைய கையெழுத்தும் ஒரே தாளில் வர வேண்டும். 1982-ல் மண்டைக்காட்டில் நடந்த இந்து, கிறிஸ்தவர் மோதலை நம் பெற்றோர் இன்னும் குரல் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள். ஒரு சமயத்தார் மட்டும் கேட்டால் அது "அவங்க கோரிக்கை" ஆகிவிடும். பால்வாடிப் பாயில் எல்லா வீட்டுப் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில்தான் தூங்குகிறது. கேட்பவர்களும் அப்படியே சேர்ந்து போனால்தான் அந்தக் கோரிக்கை ஊரின் கோரிக்கை.

சட்டத்தின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். வழிபாட்டு இடத்தை அரசியல் பிரசாரத்துக்குப் பயன்படுத்துவதை 1988-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. மதத்தைச் சொல்லி வாக்குக் கேட்பது தேர்தல் சட்டப்படி முறைகேடு. ஆகவே கூட்டத்தைச் சமூக நலக் கூடத்திலோ பள்ளி அரங்கிலோ வையுங்கள். கட்சிக் கொடியும் வேட்பாளர் பெயரும் உள்ளே வரக் கூடாது. எந்தக் கட்சி உறுப்பினராக இருந்தாலும் அதே தாளை, அதே வார்த்தையோடு கொடுங்கள்.

படி 5: நாளைப் பிடியுங்கள்

மாநில பட்ஜெட் பெரும்பாலும் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வரும். 2024-ல் பிப்ரவரி 19, 2025-ல் மார்ச் 14. அதற்குச் சில மாதங்கள் முன்பே துறைகள் மதிப்பீடு தயாரிக்கத் தொடங்கிவிடும். பட்ஜெட் வாசித்த மறுநாள் மனு கொடுத்தால் ஓராண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

ஆகவே ஆகஸ்ட், செப்டம்பரில் எண்ணி முடியுங்கள். அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். அன்று முடியாவிட்டால் நவம்பர் 1 இருக்கிறது. குமரி தமிழகத்தோடு இணைந்த நாள் என்று நமக்கு விடுமுறை, உள்ளாட்சி நாள் என்று அன்றும் கிராம சபை. தீர்மான ஏட்டில் எழுதியதைக் கண்ணால் பார்த்து, நகல் கேட்டு வாங்குங்கள். பேரூராட்சியில் கிராம சபை கிடையாது. அங்கே வார்டு கவுன்சிலரும் பகுதி சபாவும்தான் வழி.

நவம்பரில் தீர்மான நகலோடு நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளுக்குப் போங்கள். சட்டமன்ற உறுப்பினரை டிசம்பருக்குள் பாருங்கள். கிறிஸ்துமஸ் வேலை தொடங்கிவிட்டால் நம் ஆட்களைச் சேர்ப்பது கடினம் என்பதும் ஒரு காரணம். ஐந்து பேர் போதும், அதில் இருவராவது பால்வாடிக்குப் பிள்ளையை அனுப்பும் தாய்மாராக இருக்கட்டும், அவர்களே பேசட்டும். நாங்கள் போனபோது பால்வெட்டும் ஒரு தாய், "நாங்க திரும்பி வர்றதுக்குள்ள பிள்ளை பசியில தூங்கிருது சார்" என்றார். அதற்குப் பிறகுதான் சட்டமன்ற உறுப்பினர் கையிலிருந்த பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

படி 6: பட்ஜெட்டுக்குப் பிறகு

பட்ஜெட் உரையில் உங்கள் ஊர் பெயர் வராது. துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடும். தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் தமிழிலேயே கிடைக்கும். சமூக நலத் துறையின் குறிப்பில் அங்கன்வாடிக் கட்டடங்களுக்கு எவ்வளவு என்று தேடி எடுங்கள். அதில் குமரிக்கு எத்தனை என்று திட்ட அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். அங்கேயும் பதில் வராவிட்டால் மறுபடி அந்தப் பத்து ரூபாய்த் தகவல் மனுதான்.

கிடைத்தால் ஞாயிறு அறிவிப்பிலும் வெள்ளி தொழுகைக்குப் பிறகும் ஊருக்குச் சொல்லுங்கள். கட்டடம் எழும்பும்போது அஸ்திவாரத்திலிருந்தே போய்ப் பாருங்கள். கழிப்பறைக் கதவு மூன்று வயதுப் பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கிறதா என்பதை மேஸ்திரியிடம் அப்போதே சொன்னால்தான் உண்டு.